கடைசி நூறடியில் காத்திருக்கும் இணையம்

மின் கட்டணம், குடிநீர்க் கட்டணம், சமையல் எரிவாயு ஆகியவற்றோடு இணையக் கட்டணமும் இன்று குடும்பச் செலவுக் கணக்கில் நிலையான இடம் பிடித்துவிட்டது. மற்றவற்றை வாங்கும்போது நமக்கு என்ன கிடைக்கிறது என்பது ஓரளவு தெரியும். மின்சாரத்துக்கு யூனிட் உண்டு; எரிவாயுவுக்கு எடை உண்டு. இணையத்தை மட்டும் விளம்பரப் பலகையில் காணும் ஓர் எண்ணை நம்பி வாங்குகிறோம். அந்த எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிப்பதில்லை என்பதை வாங்குபவர்களில் பலர் கேட்பதில்லை. விற்பவர்களும் தாமாகச் சொல்வதில்லை.

2019 நவம்பர் வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து, இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே பணியிடமும் ஆகும். ஏற்றுமதியாகும் காலணிகளின் மேற்பகுதியை, ஜோடிக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று, வீட்டில் அமர்ந்தபடியே கையால் தைத்துத் தரும் பெண்கள் இங்கே ஏராளம். சிறு அளவில் தோல் வாங்கி விற்போரும், பெரிய ஆலைகளிடம் வேலை எடுத்துச் செய்வோரும் வீட்டு முன்னறையையே அலுவலகமாகக் கொண்டிருக்கின்றனர். சரக்கு அனுப்ப இ-வே பில் இணையத்தில்தான் எடுக்க வேண்டும். ஜிஎஸ்டி கணக்கு இணையத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவும் இணையம் வழியாகத்தான்.

ஆகவே, இந்த வட்டாரத்தில் வீட்டு இணையத்தைப் பொழுதுபோக்குச் செலவாகக் கருதாமல், தையல் ஊசியையும் தோல் வெட்டும் கத்தியையும் போன்றதோர் உற்பத்திக் கருவியாகக் கருதி ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், என்னிடம் பயின்று இன்று சிறுதொழில் நடத்தும் சிலர், "எந்த இணைப்பு நல்லது ஐயா?" என்று கேட்பதுண்டு. நிறுவனத்தின் பெயரைச் சொல்லி அதற்கு விடை கூற இயலாது. இணைப்பின் வகை, வீட்டின் இருப்பிடம், வீட்டில் நடைபெறும் வேலை ஆகிய மூன்றையும் ஒருங்கே பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

வேகம் என்பது எது?

பிராட்பேண்ட் எனப்படும் அகண்ட அலைவரிசைக்கு அரசு வகுத்த இலக்கணமே காலந்தோறும் மாறி வந்துள்ளது. 2004ஆம் ஆண்டின் கொள்கைப்படி நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அது பிராட்பேண்ட். 2013இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023 ஜனவரியில் குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் என அறிவிக்கப்பட்டது. இன்று விற்கப்படும் திட்டங்கள் 30, 40, 100 மெகாபிட் என்று பேசுகின்றன.

இங்கே முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது பிட், பைட் ஆகியவற்றின் வேறுபாடு. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. நம் கோப்புகளின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது. எனவே 30 மெகாபிட் இணைப்பில் ஒரு நொடிக்கு வந்து சேர்வது 3.75 மெகாபைட் மட்டுமே.

அடுத்தது, பதிவிறக்கத்துக்கும் மேலேற்றத்துக்கும் உள்ள வேறுபாடு. திரைப்படம் பார்ப்பவருக்குப் பதிவிறக்க வேகம் போதும். பொருளின் மாதிரியைப் படம் பிடித்துச் சென்னைக்கோ ஜெர்மனிக்கோ அனுப்புபவருக்கு மேலேற்ற வேகம்தான் உயிர்நாடி. 500 மெகாபைட் அளவுள்ள ஒரு காணொலியை எடுத்துக்கொள்வோம். மேலேற்ற வேகம் 1 மெகாபிட் என்றால் அதை அனுப்பி முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். 5 மெகாபிட் என்றால் 13 நிமிடங்களுக்கும் சற்று அதிகம். 30 மெகாபிட் என்றால் இரண்டேகால் நிமிடம் போதும். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது பெரும்பாலும் பதிவிறக்க வேகமே.

மூன்றாவது, தாமதம். நாம் அனுப்பும் சமிக்ஞை சென்று திரும்ப ஆகும் நேரம் அது. காணொலி அழைப்பில் ஒருவர் பேசி முடிக்கும் முன்னரே மற்றவர் பேசத் தொடங்கி இருவரும் தடுமாறுவது, பல வேளைகளில் வேகக் குறைவால் அன்று, தாமதத்தால்தான்.

செம்புக் கம்பியும் கேபிளும்

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வீடுகளுக்குப் பரவலாகப் பிராட்பேண்ட் வந்தது, 2005இல் பிஎஸ்என்எல் தன் தொலைபேசிக் கம்பிகள் வழியாக அதை வழங்கத் தொடங்கிய பிறகுதான். டிஎஸ்எல் எனப்படும் அந்தத் தொழில்நுட்பத்தின் பெருமை, ஏற்கெனவே இருந்த செம்புக் கம்பியையே பயன்படுத்திக்கொண்டது. அதன் குறையும் அதுவே. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு எவ்வளவு தொலைவோ அவ்வளவுக்கு வேகம் குறையும். ஏடிஎஸ்எல்-2 பிளஸ் என்ற மேம்பட்ட வகையிலும் பதிவிறக்கத்தின் உச்சம் 24 மெகாபிட். மேலேற்றம் ஒன்றரை மெகாபிட்டுக்குள் அடங்கிவிடும். சில கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இந்த உச்சம் ஏட்டளவில்தான்.

நம் வட்டாரத்துக்கே உரிய இன்னொரு செய்தியும் உண்டு. தோலிலிருந்து முடியை நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுத்தப்படுகிறது. அதன் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிப்படக்கூடும். கந்தகச் சேர்மங்கள் பட்டால் செம்பு கறுத்துப்போகும் என்பது வேதியியலின் அரிச்சுவடி. கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. தோல் ஆலைகளின் காற்று வீசும் தெருக்களில் செம்பை விட்டு ஒளியிழைக்கு மாறுவதற்கு வேகத்தைத் தவிர இதுவும் ஒரு காரணம்.

கேபிள் வழி இணையம் தொலைக்காட்சிக் கம்பியைப் பயன்படுத்துவது. டிஎஸ்எல்லைவிட வேகமானது. ஆனால், தெருவிலுள்ள பல வீடுகள் ஒரே கம்பியின் திறனைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அனைவரும் வீட்டிலிருக்கும் மாலை நேரத்தில் வேகம் தளர்வது இதனால்தான். இதிலும் மேலேற்றம் குறைவே. இன்று பல ஊர்களில் உள்ளூர் கேபிள் இயக்குபவர்களே ஒளியிழைக்கு மாறிவிட்டனர். "கேபிள்காரர் கொடுக்கும் நெட்" என்று பொதுவாகச் சொல்லப்படுவது எந்தக் கம்பியில் வருகிறது என்பதைக் கேட்டறிவது நல்லது.

ஒளியிழை

தலைமுடி அளவே தடிமனுள்ள கண்ணாடி இழையில் ஒளித்துடிப்புகளாகத் தகவல் பயணம் செய்கிறது. பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. 20 கிலோமீட்டர் வரை அது செல்லும். அந்த ஓர் இழையின் மொத்தப் பதிவிறக்கத் திறன் ஏறத்தாழ 2,488 மெகாபிட். மேலேற்றத் திறன் 1,244 மெகாபிட். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் முழுமையாகப் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு ஏறத்தாழ 77 மெகாபிட் கிடைக்கும் என்பது எளிய வகுத்தல் கணக்கு. 30 மெகாபிட் திட்டம் வாங்கியவருக்கு மாலை நேர நெரிசல் அச்சம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பல ஒளியிழைத் திட்டங்களில் மேலேற்றமும் பதிவிறக்கமும் சம வேகத்தில் தரப்படுகின்றன. வீட்டில் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இணைப்பு வேறில்லை.

ஒளியிழைக்கும் குறைகள் உண்டு. சாலை தோண்டும்போது இழை அறுந்தால் மொத்தத் தெருவும் இருளில் மூழ்கும். மண்ணுக்கடியில் உள்ள கம்பிகளைத் தோண்டுபவர்கள் முன்கூட்டியே அறிந்து எச்சரிக்க, 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியை 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிமுகப்படுத்தியது. நகராட்சி ஒப்பந்ததாரர்கள் அதைப் பயன்படுத்துவதைக் கட்டாயமாக்கினால் பாதித் தொல்லை தீரும்.

மற்றொரு குறை, மின்தடை. பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் 48 வோல்ட் அளவில் நிலையத்திலிருந்தே செம்புக் கம்பி வழியாக வந்தது. அதனால் வீட்டில் மின்சாரம் இல்லாதபோதும் மணி அடித்தது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது. வீட்டுப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால் இணையமும் நிற்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகள், ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பயன் தரும்.

காற்று வழியும் வான் வழியும்

2022 அக்டோபரில் 5ஜி சேவை தொடங்கியதன் தொடர்ச்சியாக, 2023இல் ஏர்டெல், ஜியோ ஆகிய இரு நிறுவனங்களும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் வீட்டுக்கான கம்பியில்லா இணையத்தை அறிமுகப்படுத்தின. பெயரில் ஃபைபர் இருந்தாலும் வீட்டுக்கு இழை வருவதில்லை. கூரையில் அல்லது சன்னலில் பொருத்தப்படும் கருவி, கோபுரத்திலிருந்து வானலையைப் பெற்று வீட்டுக்குள் வைஃபையாகத் தருகிறது. பள்ளம் தோண்ட வேண்டாம். சில மணி நேரத்தில் இணைப்பு வந்துவிடும். வாடகை வீட்டில் இருப்போர் இடம் மாறும்போது மாற்றிக்கொள்வதும் எளிது.

ஆயினும் இதன் தரம் கோபுரத்தின் தொலைவையும் அதே கோபுரத்தைப் பகிரும் கைப்பேசிகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. மேலேற்ற வேகம் பொதுவாகப் பதிவிறக்கத்தைவிடக் குறைவு. ஆம்பூரைச் சூழ்ந்துள்ள மலைகளைப் பார்த்தவர்களுக்கு, குன்றின் மறுபுறம் உள்ள வீட்டுக்கு அலை எளிதில் எட்டாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. வாங்கும் முன், கருவி வைக்கப்போகும் அதே இடத்தில், மாலை எட்டு மணிக்குச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும். காலையில் காட்டும் வேகம் சான்று ஆகாது.

செயற்கைக்கோள் இணையம் இரு வகை. பழைய வகையில் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்திலேயே சென்றாலும் கேள்வி போய் விடை வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். புதிய வகையில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பல செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. தாமதம் வெகுவாகக் குறைகிறது. இவ்வகைச் சேவைக்காக ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு 2025 ஜூனில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. இழையும் கோபுரமும் எட்டாத ஜவ்வாது மலைச் சிற்றூர்களுக்கு இது வரமாக அமையலாம். ஒளியிழை ஓடும் நகரத் தெருவில் இதை நாடுவதற்குக் காரணம் இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

"எங்களுக்கு வீட்டு இணைப்பு எதற்கு? கைப்பேசி போதும்" என்பது எளிய குடும்பங்களில் வழக்கமாகக் கேட்கும் பதில். அது சரிதானா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தாய், தந்தை, கல்லூரியில் படிக்கும் மகள் என மூன்று கைப்பேசிகள் உள்ள குடும்பம். நாளுக்கு ஒன்றரை ஜிபி தரும் திட்டத்துக்கு 28 நாள்களுக்கு 300 ரூபாய் எனக் கொள்வோம். மாதம் என்பது 28 நாள் ஆகிவிட்டதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை பணம் கட்ட வேண்டும். மூவருக்கும் ஆண்டுச் செலவு 11,700 ரூபாய்.

இனி மாற்று வழி. 399 ரூபாய்க்கு 30 மெகாபிட் ஒளியிழை இணைப்பு. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து மாதம் ஏறத்தாழ 471 ரூபாய், ஆண்டுக்குச் சுமார் 5,650 ரூபாய். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் கட்டாயமாக்கியது. அத்தகைய திட்டம் 84 நாள்களுக்கு 470 ரூபாய் என்றால், ஒரு கைப்பேசிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,040 ரூபாய். மூன்றுக்கு 6,120 ரூபாய். ஒளியிழையும் சேர்த்து மொத்தம் சுமார் 11,770 ரூபாய்.

இரு வழிகளுக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றே. முதல் வழியில் 28 நாள்களுக்கு மூவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 126 ஜிபி. இரண்டாவது வழியில், 'வரம்பற்றது' என விற்கப்படும் பல திட்டங்களுக்கு உள்ள பயன்பாட்டு வரம்பே மாதம் 3,300 ஜிபி. வெளியே செல்லும் ஒருவருக்கு மட்டும் பழையபடி இணையத்துடன் கூடிய கைப்பேசித் திட்டத்தை வைத்துக்கொண்டால் மாதம் ஏறத்தாழ 160 ரூபாய் கூடுதலாகும். மகளின் இணைய வழிப் பாடம், தந்தையின் வேலை தொடர்பான அழைப்பு, தாயின் பதிவுப் பணி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுக்காமல் நடப்பதற்கான விலை அது.

அப்படியானால் ஏன் அனைவரும் மாறவில்லை? கைப்பேசிக்கு 300 ரூபாய் இருக்கும்போது கட்டலாம். இல்லாதபோது நான்கு நாள் தள்ளிப்போடலாம். ஒளியிழைக்குப் பொருத்தும் கட்டணமோ, சில மாத முன்பணமோ ஒரே தவணையில் கேட்கப்படுகிறது. ஜோடிக் கணக்கில் கூலி பெறும் குடும்பத்துக்கு வருமானம் வாரந்தோறும் மாறும். ஆண்டுக் கணக்கில் மலிவானது, அன்றாடக் கணக்கில் எட்டாததாகிவிடுகிறது. ஏழைகள் சில்லறையாக வாங்கி அதிக விலை கொடுப்பது எண்ணெயிலும் சோப்பிலும் நாம் நெடுங்காலமாகக் கண்ட உண்மை. இணையத்திலும் அதுவே நிகழ்கிறது.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற சிறுதொழில் நடத்துவோருக்கு ஒரு குறிப்பு. இணைப்பைத் தொழிலின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணுடன் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படுத்தும் அளவுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கோரலாம். இணக்க வரித் திட்டத்தில் இருப்போருக்கு அது பொருந்தாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

விற்பனையாளரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். மேலேற்ற வேகம் எவ்வளவு? பயன்பாட்டு வரம்பைத் தாண்டினால் வேகம் எவ்வளவாகக் குறையும்? வரி, பொருத்தும் கட்டணம், ரூட்டருக்கான வைப்புத்தொகை எல்லாம் சேர்த்து முதல் ஆண்டின் மொத்தச் செலவு எவ்வளவு? சலுகைக் காலம் முடிந்தபின் கட்டணம் எவ்வளவு? பழுது ஏற்பட்டால் சரிசெய்ய வருபவர் எந்த ஊரிலிருந்து வருவார்? கடைசிக் கேள்வியின் விடையைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நன்று.

இணைப்பு வந்த பிறகு, வீட்டுக்குள்ளேயே வேகம் தொலைந்துபோவதும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவர்களை ஓரளவு ஊடுருவிச் செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. தடித்த சுவர்களைத் தாண்டத் திணறும். பழைய வீடுகளில் ரூட்டரை வாசலோரம் வைத்துவிட்டுப் பின்கட்டில் வேகம் இல்லை என்று நிறுவனத்தைக் குறைகூறுவதில் பொருளில்லை. வேலை நடக்கும் அறையில் அதை வைக்கச் சொல்ல வேண்டும்.

பழுதுக்கும் விதி இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிமுறைகளின்படி, நிறுவனத்தின் தரப்பில் ஏற்பட்ட பழுதைச் சரிசெய்ய மூன்று நாள்களுக்கு மேலானால் கம்பிவழி இணைப்பு பெற்றவருக்கு இழப்பீடு உண்டு. புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்; தீர்வு கிடைக்காவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாட வேண்டும். எண் இல்லாத புகார் காற்றோடு போகும்.

சுருங்கச் சொன்னால், வீட்டில் தொழிலோ மாணவரோ இருந்து, தெருவில் ஒளியிழையும் இருந்தால் அதுவே முதல் தேர்வு. இழை வராத தெருவிலும், அடிக்கடி வீடு மாறுவோருக்கும் கம்பியில்லா இணைப்பு அடுத்த தேர்வு. கேபிள், மாலை நேரத்தில் சோதித்துப் பார்த்த பின். செம்புக் கம்பி, வேறு வழி இல்லாதபோது. செயற்கைக்கோள், மலைக்கும் தனித்த குடியிருப்புக்கும்.

பாதை பொதுவாக வேண்டும்

தேர்வுக்கு இத்தனை வகைகள் இருந்தும், "உங்கள் தெருவுக்கு இன்னும் இழை வரவில்லை" என்ற ஒற்றை வரி பலரது தேர்வை முடித்துவிடுகிறது. இது வியப்புக்குரியது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையும் இருப்புப் பாதையும் ஆம்பூர், வாணியம்பாடி வழியாகத்தான் செல்கின்றன. நெடுந்தொலைவு ஒளியிழைகள் பெரும்பாலும் இத்தகைய பாதைகளை ஒட்டியே பதிக்கப்படுகின்றன; தண்டவாளத்தை ஒட்டி இழை பதிப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டில் ரயில்டெல் நிறுவனம் அமைக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் இழையால் இணைக்கும் பாரத்நெட் பணி, தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. ஆனால், ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை, வீட்டு வாசலுக்கு வந்ததாகாது. இடர்ப்பாடு கடைசி நூறடியில்தான் இருக்கிறது.

அந்த நூறடியைப் பொருளியலில் இயற்கை முற்றுரிமை என்போம். ஒரே தெருவில் நான்கு நிறுவனங்கள் நான்கு முறை பள்ளம் தோண்டுவது வீண் செலவு. ஒருவர் மட்டும் தோண்டினால் அவர் வைத்ததே விலை. சில வீடுகள் மட்டும் உள்ள சந்துக்கு ஒருவரும் வருவதில்லை. பாதையைப் பொதுவாக அமைத்து, அதில் பலரும் போட்டியிட விடுவதே இதற்குத் தீர்வு.

இந்தத் தீர்வு நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. தனித்தனியே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதி இல்லாத தோல் ஆலைகள் ஒன்றுசேர்ந்துதான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. பாலாற்றின் மாசு குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று உறுதிப்படுத்தியது இவ்வட்டாரத்தை முன்வைத்துத்தான். பாலாறு இன்னும் மீளவில்லை என்பது வேதனையான உண்மை. எனினும், ஒருவரால் தாங்க முடியாத அடிப்படைக் கட்டமைப்பைப் பலர் பகிர்ந்துகொண்டு, செலவைப் பயன்பாட்டுக்கேற்பப் பிரித்துக்கொள்ள முடியும் என்பதை அந்நிலையங்கள் காட்டியிருக்கின்றன. நெருக்கடி முற்றி, நீதிமன்றம் தலையிடும் வரை காத்திருக்கக் கூடாது என்பதும் அதே வரலாறு தரும் பாடம்.

நகராட்சிகள் சாலையோ வடிகாலோ அமைக்கும்போதே இழைக்கான குழாயையும் பதித்து, எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாடகையில் தரலாம். கேரள அரசு 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டம், மின்வாரியக் கம்பங்களையே இழை செல்லும் பாதையாகப் பயன்படுத்துகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பதையும் இலக்காகக் கொண்டிருக்கிறது. தேநீர்க் கடைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றி வைஃபை விற்க வழி செய்யும் பிஎம்-வாணி திட்டத்துக்கு 2020 டிசம்பரிலேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வீட்டிலிருந்து தைக்கும் பெண்கள் மிகுந்த தெருக்களில் இதை ஊக்குவிக்கலாம். பொருத்தும் கட்டணத்தைச் சிறு தவணைகளாகக் கட்ட மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வழியாகக் கடன் தருவதும் கடினமன்று. மேலேற்ற வேகத்தையும், மாலை நேரத்தில் கிடைக்கும் குறைந்தபட்ச வேகத்தையும் தமிழில், பெரிய எழுத்தில், ரசீதிலேயே அச்சிட வேண்டும் என டிராய் ஆணையிட்டால் வாங்குபவரின் கை ஓங்கும்.

இணையத்தின் வழியே கருத்துரைப்பதும் தொழில் நடத்துவதும் அரசமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றவை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் கூறியது. உரிமையைப் பயன்படுத்த வழி வேண்டும். தைத்த காலணி ஐரோப்பிய நகரங்களின் கடைவீதிகளுக்குப் போய்ச் சேர்கிறது. அதைத் தைத்தவரின் மகள் ஒரு பாடத்தைப் பதிவிறக்க மொட்டை மாடிக்கு ஏற வேண்டியிருந்தால், குறை அவளிடமும் இல்லை, தொழில்நுட்பத்திடமும் இல்லை. அந்த நூறடிக்கு யார் பொறுப்பு என்பதை நகராட்சிகளும் மாநில அரசும் முடிவு செய்ய வேண்டும்.